முதலில் கீறு, பிறகு துளை: ரிப்பீட் எடுத்தவனின் கதை

பெறுபேறு நேற்றுப் பின்னேரம் வந்தது. பாஸ். சி.என்.சி. மெஷினில் செப்புத் தகட்டைக் கீறி மின்சுற்றுப் போர்ட் செய்யும் செய்முறைப் பரீட்சை. போன முறை இதில்தான் விழுந்தேன், அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

விழுந்த காரணம் ஒன்றுதான்: துளையை முதலில் போட்டேன். லேசான வேலை, முடித்துவிட்டால் பதற்றம் குறையும் என்ற நினைப்பு. 0.8 மி.மீ. டிரில் எல்லாத் துளையையும் அழகாகப் போட்டது. அப்புறம் கூர்நுனிக் கீறும் பிட்டை (வி-பிட்) மாட்டி, நுனியால் செப்பைப் பல இடத்தில் தொட்டு உயர வரைபடம் எடுக்கத் தொடங்கினேன். ஒரு புள்ளி துளைக்கு நட்டநடுவில் வந்தது. நுனி உள்ளே இறங்கியது, தொடுவதற்குச் செப்பு இல்லை, தொடவில்லை என்று மெஷின் ‘அலாரம் 5’ காட்டி நின்றது. பூட்டைத் திறக்கும் கட்டளை, டொலர் எக்ஸ் ($X), அடித்துத் திறந்திருந்தால் போதும். நான் பதறிப்போய் மெஷினையே ஓஃப் பண்ணினேன். எக்ஸ், வை பூச்சியம் (வேலை தொடங்கும் மூலைப் புள்ளி) போச்சு. கண்மட்டத்தில் திரும்ப வைத்தேன்.

கீறி முடித்துப் பார்த்தால் துளைகள் எல்லாம் ஓரத்தில் நிற்கின்றன. பாதிப் பேடுகளில் (பாகத்தின் கால் பற்றவைக்கும் செப்பு வட்டங்கள்) மூன்றாம் பிறை அளவு செப்புத்தான் மிச்சம். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒன்றும் கதைக்கவில்லை.

புள்ளி துளையில் விழாமல் தப்பினாலும் பிசிறு விடாது. செப்பு 35 மைக்ரோன், நாங்கள் கீறுவது 0.1 மி.மீ. ஆழம். விளிம்புப் பிசிறில் நுனி தட்டினால் வரைபடம் பொய் சொல்லும். பிசிறு உயரமாகக் காட்டுவதால் பிட் அங்கே குறைவாக இறங்கும். செப்பு முழுதாக வெட்டுப்படாமல் தடங்கள் ஒட்டியே நிற்கலாம்.

கீறிய பிறகு துளைத்தால் சின்னப் பேட் கிளம்பிவிடும் என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். மொட்டை டிரில் என்றால் உண்மைதான். புது கார்பைட் டிரில் வாங்குங்கள், வரிசையை ஏன் மாற்றுகிறீர்கள்? இரண்டு பக்கப் போர்ட் என்றால் மட்டும், இரு பக்கத்தையும் பொருத்துவதற்கான பிடிமானத் துளைகள் முதலில்.

என் வரிசை: கீறல், 0.8 துளை, ஊசி வரிசைக்கு (‘பின் ஹெடர்’) 1.0 துளை, கடைசியில் போர்டைச் சுற்றி வெட்டும் வெளிவெட்டு. வெளிவெட்டில் நாலு இடத்தில் வெட்டாமல் பாலம் விடுங்கள், இல்லாவிட்டால் போர்ட் கழன்று பிட்டையும் முறிக்கும்.

இந்த வரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது, ஒருவரும் சொல்லித் தரவில்லை. கீறி முடிந்ததும் செப்பு தீவு தீவாகப் பிரிந்துவிடும். டிரில் தொட்டதை மெஷின் அறிவது, செப்பைக் கவ்விய கிளிப்புக்கும் டிரில்லுக்கும் இடையே மின்னோட்டம் போவதால்தான். கிளிப் நயினாதீவில், டிரில் நெடுந்தீவில் என்றால் தொட்டது மெஷினுக்கு எப்படித் தெரியும்? தெரியாமல் இறங்கிக்கொண்டே போகும். கிளிப் கவ்வியிருக்கும் அதே வெளிச்செப்பில் இசெட் (உயரப் பூச்சியம்) எடுங்கள்.

- பிட் மாற்றும்போது இசெட் மட்டும் திரும்ப எடுங்கள். கொக்குவிலில் பழக மெஷின் தந்த அண்ணை சொன்னது: “எக்ஸ் வையைத் தொட்டால் கையை முறிப்பன்.”
- ஸ்பிண்டில் சுற்ற முன் கிளிப்பைக் கழற்றுங்கள். சிரிக்காதீர்கள், செய்திருக்கிறேன்.
- மாஸ்க். அந்தத் தூள் கண்ணாடி நார்.

இந்த முறை இருபது நிமிடம் மிச்சம். மல்டிமீட்டரால் பக்கத்துப் பக்கத்துத் தடங்களைத் தொட்டுப் பார்த்தேன். ஓரிடத்தில் பீப் அடித்தது. மயிர் மாதிரி ஒரு செப்பு இழை, பிளேடு நுனியால் கிளறி எடுத்தேன். பிளேட்டைக் கையோடு கொண்டுபோங்கள், பரீட்சையில் தரமாட்டார்கள்.