பிடரியில் இருப்பு எவ்வளவு?

28 வயதில் நெற்றியின் இரு ஓரமும் மேலே ஏறத் தொடங்கியது. 33-இல் உச்சியிலும் சொட்டை. அப்பாவுக்கும் தாய்மாமாவுக்கும் இதே தலைதான், அதனால் வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அம்மா மட்டும் இன்றுவரை ஹெல்மெட்டைத்தான் திட்டுகிறார்.

முடி நட்டுக்கொள்ளலாம் என்று முதலில் போன இடத்தில் டாக்டரையே பார்க்கவில்லை. கோட் போட்ட ஒரு பையன் என் நெற்றியில் பேனாவால் கோடு இழுத்தான். "4500 கிராஃப்ட் சார், அதாவது பின்னாடியிருந்து வேரோட எடுத்து நடுற முடிக்கொத்து. முன்னாடி, உச்சி ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிடலாம். இன்னிக்கே அட்வான்ஸ் கட்டினா தள்ளுபடி இருக்கு." ஆடித் தள்ளுபடி மாதிரி! 2016-இல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட ஒரு மருத்துவ மாணவர் இறந்துபோன செய்தி வேறு மனதில் ஓடியது. எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்துப் பார்த்தது ஒரு தோல் மருத்துவரை. அவர் நெற்றியைப் பார்க்கவே இல்லை. நேராக லென்ஸை எடுத்துப் பிடரியில் வைத்தார். "தம்பி, டி.எச்.டி. ஹார்மோன் மேல இருக்கிற முடியைத்தான் மெலிய வைக்கும். பின்பக்க முடி அதுக்கு அசையாது, இடம் மாத்தி நட்டாலும் அதே குணத்தோட நிக்கும். ஆனா எடுத்த இடத்துல திரும்ப முளைக்காது. எல்லாத்தையும் இப்பவே செலவு பண்ணிட்டு 45 வயசுல என்ன பண்ணுவீங்க?"

முன்பக்கத்துக்கு மட்டும் 2200 கிராஃப்ட், உச்சிக்கு மருந்து என்று முடிவானது. தினம் ஃபினாஸ்டிரைடு மாத்திரை 1 மி.கி., தடவ 5% மினாக்ஸிடில். சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையலாம் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அப்படி எதுவும் இல்லை. ஆறு மாதம் கழித்துத்தான் தேதி கொடுத்தார். தோலைப் பட்டையாக வெட்டியெடுக்கும் எஃப்.யூ.டி. முறையில் பின்னால் கோடு போலத் தழும்பு நிற்குமாம். நான் ஒட்ட வெட்டிக்கொள்ளும் ஆள், அதனால் கொத்துக் கொத்தாகத் துளைத்தெடுக்கும் எஃப்.யூ.இ.

அன்றைக்கு முதலில் மொட்டை. பிறகு குப்புறப் படுக்க வைத்து மரத்துப்போகும் ஊசி. வலி என்றால் அந்தப் பத்து நிமிடம்தான்; கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதன்பின் 1 மி.மீ.க்கும் குறைவான துளைக்கருவியின் கர்ர் சத்தம் மட்டும். நர்ஸ் ஒவ்வொன்றையும் "ஒத்தை, ரெட்டை, மூணு" என்று பிரித்து எண்ணினார். ஒரு கிராஃப்டில் ஒன்று முதல் நான்கு முடிவரை இருக்குமாம். ஒற்றை முடிகளை நெற்றி விளிம்பில் வைத்து, அடர்ந்தவற்றைப் பின்னால் தள்ளினால்தான் பொம்மைத் தலை மாதிரி தெரியாது. மதியம் கட்டோடு உட்கார்ந்து தயிர்சாதம். முடிய மாலை ஆனது. கிராஃப்டுக்கு 50 ரூபாய் என்று 1,10,000 ஆயிற்று. அழகுக்காகச் செய்வது என்பதால் இன்ஷூரன்ஸ் கிடையாது.

முதல் வாரம் தலையணை அடுக்கிச் சாய்ந்தபடியே தூக்கம், விடாமல் சலைன் ஸ்ப்ரே. மூன்றாம் நாள் நெற்றி வீக்கம் கண்ணுக்கு இறங்கியது. "யாரோட சண்டை?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். பத்தாம் நாளுக்குள் பொருக்கெல்லாம் போய்விட்டது.

நான்காம் வாரம் நட்ட முடி உதிர ஆரம்பித்தது. வேர் உள்ளேயே இருக்கும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்தான். ஆனாலும் தலையைத் துவட்டிய துண்டைப் பார்த்தபோது ஒரு லட்சம் உதிர்வது போலத்தான் இருந்தது. நான்காம் மாதம் குழந்தை முடி மாதிரி மெல்லிசாக, சுருள் சுருளாக எட்டிப் பார்த்தது. ஒரு வருடத்தில் முன்பக்கம் சீவ முடிந்தது. உச்சி வட்டம் பெரிதாகவில்லை, மூடவும் இல்லை. மாத்திரை தொடர்கிறது.

போன வாரம் சலூன்காரத் தம்பி மெஷினைப் பின்னால் வைத்துவிட்டு நிறுத்தினான். "அண்ணே, ஜீரோ போட்டா புள்ளி புள்ளியா வெள்ளையா தெரியுது. மூணாம் நம்பர் போட்டுக்கவா?"

போடச் சொன்னேன்.