கோப்பில் இல்லாதது இயந்திரத்தில் இருக்கக் கூடாது

கிளிநொச்சியில் தலைமை அலுவலகமும் மாங்குளம், முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய இடங்களில் கிளைகளும் உள்ள ஒரு சிறிய நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். ஒவ்வோர் இடத்திலும் மேசைக்கடியில் ஒரு சிறு சேர்வர் இருக்கிறது. பற்றுச்சீட்டுக்கும் இருப்புக் கணக்குக்குமான மென்பொருள்கள் அதில் கொன்ரெய்னர்களாக, அதாவது தமக்குத் தேவையான அனைத்தையும் உள்ளடக்கிய தனித்தனிப் பொதிகளாக, ஓடுகின்றன. முன்பு இவற்றை ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் போய்க் கையால் அமைத்தபடியால், நாளடைவில் ஒவ்வோர் இயந்திரமும் ஒவ்வொரு விதமாகிவிட்டது. எதை யார், ஏன் மாற்றினார் என்பது மாற்றியவரின் ஞாபகத்தில் மட்டுமே இருந்தது. அவர் வெளிநாடு போனால் அந்த ஞாபகமும் கூடவே போய்விடும்.

இப்போது எல்லாவற்றிலும் பெடோரா கோர்ஓஎஸ் ஓடுகிறது. கொன்ரெய்னர்களை ஓட்டுவதற்கென்றே உருவான இந்த லினக்ஸில், இயந்திரம் எப்படி இருக்க வேண்டும் என்பதை யம்ல் எனும் எளிய எழுத்து வடிவக் கோப்பொன்றில் எழுதிவிட வேண்டும். என்னென்ன கட்டளைகளை எந்த வரிசையில் இட வேண்டும் என்று எழுதுவதில்லை. பயனர்கள், தொலைவிலிருந்து உள்நுழைவதற்கான அவர்களின் எஸ்எஸ்எச் திறவிகள், வன்தட்டுப் பகுதிகள், பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சேவைகள், எந்தக் கொன்ரெய்னர் ஓட வேண்டும் என்பன எல்லாம் அதிலேயே அடங்கும். பியூட்டேன் என்ற கருவி அதை இயந்திரம் வாசிக்கும் ஜேசன் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. இயந்திரம் முதல்முறை பூட் ஆகும்போது, வழமையான சேவைகள் எதுவும் தொடங்குவதற்கு முன்னரே, இக்னிஷன் என்ற நிரல் அதை வாசித்து நிறைவேற்றுகிறது. ஏதாவதொன்று நிறைவேறாவிட்டால் இயந்திரம் அரைகுறையாக எழும்பாது, அவசரநிலைத் திரையிலேயே நின்றுவிடும். இதற்கு முன்னோடியான பழைய கோர்ஓஎஸ் 2020 மே மாதத்தில் நிறுத்தப்படும் முன்னரே, ஒவ்வொரு பூட்டிலும் ஓடிய கிளவுட்-கொன்பிக் என்ற அமைப்பு முறையின் இடத்தை இக்னிஷன் பிடித்திருந்தது.

முதல் பூட்டில் மட்டுமே இக்னிஷன் ஓடும் என்பதுதான் புதிதாக வருபவர்களுக்குப் பிடிபடாத விடயம். கோப்பைத் திருத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் ஒன்றும் மாறாது. மாற வேண்டுமானால் அதை மீண்டும் நிறுவ வேண்டும். "அண்ணை, ஒரு வரிதானே, உள்ளுக்குப் போய் மாத்திவிடட்டோ?" என்று எங்களுடன் வேலை செய்யும் தம்பி கேட்பான். தடை ஒன்றும் இல்லை, அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவு எழுதக்கூடியதுதான். ஆனால் அந்த ஒரு வரியுடன் கோப்புக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான விலகல் தொடங்கிவிடும். அன்சிபிள் போன்ற கருவிகள் ஓடும் இயந்திரத்தையே திருத்திக்கொண்டு போகும்; அது வசதிதான், எனினும் கோப்பில் இல்லாத பழைய எச்சங்களை அது தொடுவதில்லை. ஆள் மாறிக்கொண்டே இருக்கும் எங்களைப் போன்ற இடத்துக்கு மீள்நிறுவலின் கண்டிப்பே பொருத்தம் என்பது என் கணிப்பு.

கோப்பை எழுதுவதில் கவனம் வேண்டிய இடங்கள் உண்டு. கிளையின் நிலையான ஐபி முகவரியைத் தரும் நெற்வேர்க் மனேஜர் என்ற வலையமைப்பு மென்பொருளின் கோப்புக்கு 0600 அனுமதி, அதாவது உரிமையாளர் மட்டும் வாசிக்கவும் எழுதவும் கூடிய அனுமதி, இருக்க வேண்டும். அதைவிடத் தளர்வாக இருந்தால் அந்த மென்பொருள் கோப்பை ஏற்காது. யம்லில் முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டு 600 என்று எழுதினால் அது பதின்ம எண்ணாகி வேறோர் அனுமதியைக் குறித்துவிடும். 0600 என்று சரியாக எழுதியதோ ஜேசனில் 384 என்று நிற்கும், ஏனெனில் அனுமதிகள் எழுதப்படும் எட்டின் அடிப்படையிலான எண்முறை ஜேசனில் கிடையாது. இதைப் பிழையென்று நினைத்துத் "திருத்த" வந்தவர்களும் உண்டு. பியூட்டேனைக் கண்டிப்பு முறையில் ஓட்டினால் எச்சரிக்கை வந்தாலே மாற்றம் நின்றுவிடும். அப்படியன்றி வேறுவிதமாக நாங்கள் ஓட்டுவதில்லை.

மீள்நிறுவலுக்கு நாங்கள் நேரே போவதும் குறைவு. கிளைக்குரிய அமைப்பையும் எந்த வன்தட்டில் நிறுவ வேண்டும் என்பதையும் சேர்த்த நிறுவல் படிமத்தைப் பென் டிரைவில் எழுதி, பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறோம். கணக்குத் தரவு இருக்கும் பகுதியை அழிக்காமல் விடும்படி நிறுவிக்குச் சொல்லியிருப்பதால், அதே பகுதி மறுபடி இணைக்கப்படும். நிறுவி முடிந்ததும் பென் டிரைவைக் கழற்றச் சொல்லித் தொலைபேசியில் ஒருமுறைக்கு இருமுறை சொல்ல வேண்டும். இல்லையேல் அடுத்த பூட்டில் நிறுவல் மறுபடியும் தொடங்கிவிடும்.

இயங்குதளம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, நாங்கள் குறித்த நேரத்தில் மட்டும் மீள்தொடங்கும். பொதுவாக நள்ளிரவுதான் இதற்கு வைக்கப்படும், ஆனால் எங்கள் கிளைகளில் மாலையில் பூட்டிப்போகும்போது மெயின் சுவிட்சையும் நிறுத்திவிடுவார்கள். ஆகவே மதியச் சாப்பாட்டு வேளையைத் தெரிவு செய்தோம். கோப்பில் அது 07:00 என்றே இருக்கும். உலக நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் இங்கே 12:30. புதுப்பிப்பின் நடுவில் கரண்ட் போனாலும் பழைய பதிப்பு அப்படியே இருக்கும் என்பது, 2022இல் நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலத்துக்கும் மேலாக மின்வெட்டைக் கண்ட எங்களுக்குச் சிறிய விடயமல்ல.

தரவுத்தளக் கடவுச்சொற்களை மட்டும் கோப்பில் வைப்பதில்லை, அது மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் பலர் கண்ணிலும் படுவது. நிறுவிய பின் எஸ்எஸ்எச் வழியாகப் போய் அவற்றைக் கொன்ரெய்னர்களை ஓட்டும் பொட்மானின் இரகசியங்களாகப் பதிவு செய்கிறோம். கையால் செய்யும் வேலையென்று மிஞ்சியிருப்பது அதுதான். அதையும் ஒழிக்க இரகசியக் காப்பகச் சேர்வர் ஒன்று வேண்டும். ஐந்து இயந்திரங்களுக்காக அதையொன்று நிறுவிப் பராமரிப்பது இப்போதைக்கு மிகையென்றே நினைக்கிறேன்.