கிளாப்பத்துச் செல்வரும் எங்கள் கரையும்

2024 ஜூன் 3, திங்கள்

திருகோணமலையில் மெதடிஸ்த பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேசாமல் கல்வியின் கதையைச் சொல்ல முடியாது. "மிசனரிமாரைப் பற்றி எல்லாரும் எழுதீனம் தம்பி, அவையை அனுப்பினவையைப் பற்றி ஒருத்தரும் எழுதுறேல்லை" என்றார் பக்கத்து வீட்டு ரீச்சரம்மா. நியாயமான குறைதான். 1814இல் காலியில் வந்திறங்கிய வெஸ்லியன் (மெதடிஸ்த) மிசனரிமாரின் பயணத்துக்குப் பின்னால் இலங்கையின் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் இருந்தார். அவர் அடிமை வணிகத்துக்கு எதிராகப் போராடிய பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் வில்பர்போசிடம் பேசினார். வில்பர்போஸ் மெதடிஸ்தரிடம் சொன்னார். குழுவைத் திரட்டிய தோமஸ் கோக் கரையைக் காணாமல் நடுக்கடலிலேயே இறந்துபோனார்.

ஜூன் 5, புதன்

வில்பர்போசின் வட்டத்தைக் 'கிளாப்பம் குழு' என்பார்கள். லண்டனுக்கு அருகேயிருந்த அந்த ஊரில், வங்கியாளர் ஹென்றி தோர்ன்டனின் வீட்டில், பாராளுமன்ற உறுப்பினரும் கிழக்கிந்தியக் கம்பனியின் பெரிய மனிதருமான சார்ல்ஸ் கிராண்டும் இந்தியாவின் முன்னாள் தலைமை ஆளுநர் டீன்மவுத் பிரபுவும் கூடுவார்கள். எண்ணிக்கையில் அவர்கள் மிகச் சிலரே. ஆனால் பணமும் பதவியும் பக்தியும் ஒரே மேசையில் இருந்தபடியால், 1807இல் அடிமை வணிகத் தடைச் சட்டமும், கம்பனியின் ஆட்சிப் பகுதிகளை மிசனரிமாருக்குத் திறந்துவிட்ட 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டமும் நிறைவேற அவர்களால் வழி செய்ய முடிந்தது. சைவனான எனக்கு இரண்டாவதில் மனத்தாங்கல் உண்டு. முதலாவதை மெச்சாமலிருக்கவும் முடியவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

பூசை முடிந்து கோணேசர் மலையிலிருந்து இறங்கும்போதும் இதே யோசனைதான். 1802இல் லண்டனில் தொடங்கிய 'தீயொழுக்க ஒழிப்புச் சங்க'த்திலும் இந்தச் சுவிசேஷச் செல்வர்களின் கை இருந்தது. ஆண்டு வருமானம் 500 பவுணுக்கு மேற்படாதவர்களின் தீயொழுக்கத்தை மட்டும் ஒழிக்கும் சங்கம் அது என்று எள்ளியவர் சிட்னி ஸ்மித்; அவரும் ஒரு பாதிரியாரே. மேட்டுக்குடிப் பக்தியின் நோயை அவர் சரியாகவே நாடி பிடித்தார் என்பது என் எண்ணம்.

அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று எசமானர்களையே ஜோன்ஸ்டன் இணங்க வைத்தபோது, அதற்குக் குறித்த நாள் 1816 ஓகஸ்ட் 12, அதாவது ஆடம்பரத்துக்கும் ஆசைநாயகிகளுக்கும் பேர்போன இளவரச ஆளுநரின் (மன்னருக்குப் பதிலாகப் பிரித்தானியாவை ஆண்ட இளவரசர்) பிறந்தநாள். ரீச்சரம்மாவிடம் சொன்னேன். "அவருக்கு வருமானம் ஐந்நூறுக்கு மேலதானே" என்று சிரித்தார். அன்றைக்கு ஏற்கெனவே அடிமையாயிருந்த தாய்க்கு அந்த ஏற்பாட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி முற்றாக ஒழிய 1844 ஆயிற்று.