அறிக்கையில் சீழ்க்கலங்கள்

திருகோணமலையில் மாரி தொடங்கிக் கிணறுகளில் வெள்ளநீர் கலக்கும் காலத்தில், எங்கள் ஆய்வுகூடத்துக்கு வரும் மலமாதிரிகள் கூடிவிடும். கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்து வரும் குப்பிகளில் இரத்தமும் சளியும் கலந்த பகுதியையே நான் முதலில் தேடுவேன். அதிலொரு துளியில் மெதிலீன் நீலம் சேர்த்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், வயிற்றுளைவு நோயாளியின் மாதிரியில் மடல் மடலாகப் பிரிந்த கருவுடைய வெண்கலங்கள் புலம் முழுவதும் அடைந்து கிடக்கும். அவற்றையே சீழ்க்கலங்கள் என்று அறிக்கையில் எழுதுகிறோம். “வயித்துக்குள்ள சீழ் கட்டியிருக்கோ, மிஸ்?” என்று அறிக்கை பெற வருவோர் பயந்து கேட்பதுண்டு.

சீழ் கட்டவில்லை, அந்தக் கலங்கள் குருதியிலிருந்து அழைக்கப்பட்டு வந்தவை. வயிற்றுளைவை உண்டாக்கும் ஷிகெல்லா பற்றீரியா, 1677இல் சுவிஸ் மருத்துவர் பேயர் விவரித்த குடலின் நிணநீர்த் திட்டுகளை மூடியுள்ள, ‘M’ என்ற எழுத்தால் குறிக்கப்படும் கலங்களின் வழியே குடற்சுவருக்குள் புகுந்து, தன்னை விழுங்கும் பெருவிழுங்கிகளையே கொன்றுவிடுகிறது. சாகும் கலங்கள் வெளிவிடும் அழற்சிச் சமிக்ஞைகளும், குடலின் உட்பரப்பை மூடியுள்ள மேலணிக் கலங்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-8 என்ற சமிக்ஞைப் புரதமும், நியூத்திரோபில்கள் எனப்படும் அந்த வெண்கலங்களை இழுத்துவருகின்றன. அவை மேலணிக் கலங்களின் இடைவெளிகளை நெகிழ்த்திக்கொண்டு வெளியேறும்போது, அதே வழியால் மேலும் பற்றீரியா உள்ளே நுழைகிறது. காக்க வந்தவையே வேலியைப் பிரிப்பது இந்நோயின் கொடுமை. சுவருக்குள் நுழையாமல் நச்சுப்பொருளால் மட்டும் நீரை வெளியேற்றும் கொலராவில் சீழ்க்கலங்களை அரிதாகவே காணலாம்.

இந்த ஆரவாரத்தை விட, ஆரோக்கியமான குடலின் அடக்கமே எனக்கு வியப்பூட்டுகிறது. கோடானுகோடி பற்றீரியா ஓயாது அருகிலிருக்க, அங்குள்ள பெருவிழுங்கிகள் எல்லை மீறுபவற்றை விழுங்கிக் கொல்கின்றன. ஆனால் மற்ற இழையங்களில் உள்ளவற்றைப்போல உடனே அபாயக்குரல் எழுப்புவதில்லை. பிளாஸ்மாக் கலங்கள் நாளொன்றுக்குச் சில கிராம் அளவுக்குச் சுரக்கும் இம்யூனோகுளோபுலின் ஏ என்ற பிறபொருளெதிரி, பற்றீரியாவைச் சளியிலேயே பிணைத்து, சுவரை நெருங்கவிடாமல் வெளியே அனுப்புகிறது. நான் எழுதும் ‘சீழ்க்கலங்கள் இல்லை’ என்ற வரிக்குப் பின்னால் இத்தனை வேலை நடந்திருக்கலாம். அதை எண்ணிக் காட்டும் வசதி என் மேசையில் இல்லை.

ஆயினும் அந்த ‘இல்லை’யை எல்லா வேளையும் நம்பிவிட முடியாது. குடலை விட்டு வந்த வெண்கலங்கள் எங்கள் ஊர் வெக்கையில் விரைவாகச் சிதைந்துபோகின்றன. ஆகையால், காலையில் எடுத்த மாதிரி மதியம் கழிந்து வந்து, அதில் இரத்தம் மட்டும் தெரியுமானால், நான் புதிய மாதிரி கேட்டு அனுப்புகிறேன். தூரத்திலிருந்து வந்தவர்கள் முணுமுணுத்தாலும் அதில் விட்டுக்கொடுப்பதில்லை.