மகளின் 65 சிசி: போல்ட் முறுக்கிய குறிப்புகள்

ஜூன் 7, சனி

மகள் ஓட்டும் 65 சிசி குழந்தைகள் மோட்டார் பைக்கைக் கழுவி ஸ்டாண்டில் ஏற்றியாயிற்று. இது டூ ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், சுற்றுக்கு ஒரு வெடிப்பு. அந்த அதிர்வில் எந்த நட்டும் தானாக நகரப் பார்க்கும். ஆனாலும் குழந்தைகள் வண்டியில் நான் அதிகம் பார்ப்பது கழன்ற போல்ட்டை அல்ல. அப்பாமார் தம் பிடித்து இறுக்கி மரையை உரித்துவிட்ட போல்ட்டைத்தான்.

எம்6 போல்ட்டுக்கு, அதாவது 6 மில்லிமீட்டர் தடிமன் போல்ட்டுக்கு, பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் (முறுக்கு விசையின் அலகு) போதும். 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் ஐந்து கிலோ தொங்கினால் அந்த முறுக்கு வந்துவிடும். வளர்ந்த ஆளின் கைக்கு இது ஒன்றுமே இல்லை. போல்ட் எஃகு, அது போய் உட்காரும் மரையோ அலுமினியம். யார் தோற்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எம்8 என்றால் 25 வாக்கில். ஹெட் (எஞ்சினின் மேல்மூடி), ஆக்சில் (சக்கரத்தின் அச்சு) இதற்கெல்லாம் வண்டியின் கையேட்டைப் பார்க்காமல் தொடக்கூடாது.

ஜூன் 8, ஞாயிறு

சிலிண்டர் ஹெட். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, எதிரெதிராக, இரண்டு மூன்று கட்டமாக அளவைக் கூட்டிக்கொண்டே போனேன். டார்க் ரெஞ்ச் என்பது நாம் வைத்த முறுக்கு வந்ததும் ‘கிளிக்’ என்று சொல்லும் ஸ்பேனர். பெரிய ரெஞ்ச் அதன் அளவின் அடிமட்டத்தில் நம்பத் தகுந்ததல்ல, அதனால் சின்ன போல்ட்டுக்குச் சின்ன ரெஞ்ச்தான். ஒரு முறை ‘கிளிக்’ என்றதும் நிறுத்திவிட வேண்டும். உறுதி செய்துகொள்கிறேன் பேர்வழி என்று இன்னொரு முறை இழுத்தால் அது கூடுதல் முறுக்கு.

மரை சுத்தமாக இருப்பது ஏன் முக்கியம் என்றால், நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது. மிச்சம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. எண்ணெய் பட்டு உராய்வு குறைந்தால், அதே கிளிக்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும்.

அப்புறம் முறுக்கின் அலகு. அங்குல பவுண்டை அடி பவுண்டாகப் படித்தால் பன்னிரண்டு மடங்கு. போல்ட்டின் கதை அங்கேயே முடிந்தது.

ஜூன் 11, புதன்

முன் சக்கரம். ஆக்சிலை இறுக்கி, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை (முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) பலமுறை அமுக்கிவிட்டேன். ஃபோர்க்கின் கால்கள் இரண்டும் தங்கள் இடத்தில் நேராக உட்கார்ந்த பிறகே ஆக்சிலைக் கவ்வும் போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்கினேன். மேலே ஃபோர்க்கைக் கவ்வும் கிளாம்ப்பிலும் அளவு தாண்டினால் குழாய் நசுங்கி சஸ்பென்ஷன் பிடித்துப் பிடித்து ஓடும்.

கிளட்ச், பிரேக் லிவர் கிளாம்ப்புகளை மட்டும் வேண்டுமென்றே அடக்கமாக விட்டேன். ஓட்டும்போது நகரக்கூடாது, வண்டி விழுந்தால் திரும்ப வேண்டும். திரும்பாத லிவர்தான் ஒடியும். எத்தனை சொன்னாலும் சிலர் இதை இறுக்கிவிட்டுத்தான் ஓய்வார்கள்!

ஜூன் 14, சனி

போல்ட் தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை பெயின்ட் பேனாவால் கோடு போட்டிருந்தேன். காலையில் அவள் ஓட்டி முடித்ததும் பார்த்தால், பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பற்சக்கரம்) ஒரு கோடு மட்டும் விலகியிருக்கிறது. மேலாக இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டு விடுகிற இடமல்ல அது. கழற்றி, மரையிலிருந்த பழைய பிசினைச் சுரண்டி, கிளீனரால் துடைத்து, காயவிட்டு, போல்ட் கழலாமல் பிடிக்கும் பிசினான நீல லாக்டைட் 243 ஒரு சொட்டு விட்டு முறுக்கினேன். பிசின் முழுதாக இறுக 24 மணி நேரம் ஆகும். ஆக, நாளைக் காலை வண்டி கிடையாது. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். ஸ்போக்கைத் தட்டிப் பார்க்கும் வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறேன்.