‘ஏன் நடந்தது?’ என்று எழுதச் சொன்னார்கள்

பாலியல் வன்முறைக்குப் பிறகான உளவியல் சிகிச்சையில் என்னதான் செய்வார்கள் என்று நான் தேடியபோது எனக்குக் கிடைத்ததெல்லாம் அறிவுரைகள். அறைக்குள் போனால் என்ன நடக்கும் என்று யாரும் எழுதியிருக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். எனக்கு நடந்ததை இங்கே விவரிக்கப்போவதில்லை. தெரிந்த ஆள், புகார் கொடுக்கவில்லை, பல வருடம் யாரிடமும் சொல்லவில்லை. இவ்வளவு போதும்.

நான் எடுத்துக்கொண்ட சிகிச்சையின் பெயர் காக்னிட்டிவ் ப்ராசசிங் தெரபி, சுருக்கமாக சிபிடி. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க உளவியலாளர் பாட்ரீசியா ரெசிக், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களை மனதில் வைத்து உருவாக்கியது. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குப் பயன்படுத்தத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். வழக்கமாக 12 அமர்வுகள். சாய்வு நாற்காலியில் படுக்கவைத்துச் சின்ன வயதுக் கதை கேட்பார்கள் என்று நினைத்துப் போனால், வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பினார்கள்.

நடந்ததை எழுத வேண்டாம். அது ஏன் நடந்தது என்று நம்புகிறேன், அதன்பின் என்னைப் பற்றியும் மற்றவர்களைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் என்ன நினைக்கிறேன், இதைத்தான் ஒரு பக்கம் எழுத வேண்டும். எழுதியதை அடுத்த அமர்வில் வாய்விட்டு வாசிக்க வேண்டும்.

வாசித்தேன். அந்தப் பக்கத்தில் அவன் ஒரே ஒரு வாக்கியத்தில் வந்தான். மீதியெல்லாம் நான். ஏன் போனேன், ஏன் நம்பினேன், ஏன் கத்தவில்லை. கடைசி வரியாக, நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த அந்தப் பழமொழியையே எழுதியிருந்தேன்: முள்ளு மேல சேலை பட்டாலும், சேலை மேல முள்ளு பட்டாலும் கிழிவது சேலைதான்.

“இதுல முள்ளுக்கு என்ன ஆகுது?” என்று கேட்டார் மருத்துவர்.

பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முள்ளுக்கு ஒன்றும் ஆவதில்லை. அது முள், அப்படித்தான் இருக்கும். பார்த்து நடக்க வேண்டியது சேலை. ஒரு மனிதன் யோசித்து, முடிவெடுத்துச் செய்த காரியத்தைச் செடியின் இயல்பாக்கிவிடுகிற பழமொழி அது. அதைச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள், பாசத்தோடுதான்.

அடுத்த சில அமர்வுகள் தாள் நிரப்புவதிலேயே போயின. மூன்று கட்டம்: நிகழ்வு, அப்போது ஓடிய எண்ணம், அதனால் வந்த உணர்வு. கணக்கு நோட்டு மாதிரி அலுப்பூட்டும் வேலை. ஆனால் ஒவ்வொரு வாரமும் இரண்டாவது கட்டத்தில் ஒரே வரி வந்து நின்றது: ‘நான் கத்தவில்லை, அப்படியானால் எனக்கும் அதில் பங்கு உண்டு.’ முதன்முதலில் அக்காவிடம் சொன்னபோது அவளும் கேட்டது, “ஏன்டி கத்தல?” என்றுதான். அவள் அதில் குற்றம் எதுவும் சாட்டவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

உடல் உறைந்துபோவதைப் பற்றி மருத்துவர் விளக்கியது இந்த இடத்தில்தான். தப்பிக்க வழியில்லை என்று மூளை கணித்துவிட்டால் கை கால் அசையாது, குரல் எழும்பாது. நாமாகத் தேர்ந்தெடுப்பதில்லை அதை. ஸ்டாக்ஹோமில், வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கான அவசர சிகிச்சை மையத்துக்கு வந்த சுமார் 300 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. அவர்களில் 70 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க அளவில் இந்த உறைநிலை இருந்திருக்கிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பிடிஎஸ்டியும் (பேரதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனநலப் பாதிப்பு) கடும் மனச்சோர்வும் அப்படி உறைந்தவர்களிடமே அதிகம். எனக்கு மட்டும் நடந்த விசித்திரம் என்று நான் நினைத்திருந்தது பத்தில் ஏழு பேருக்கு நடந்திருக்கிறது. நீதிமன்றத்திலும் குடும்பத்திலும் ‘ஏன் எதிர்க்கவில்லை’ என்று கேட்பவர்கள் இந்த ஓர் ஆய்வையாவது படித்துவிட்டு வரலாம்.

நடுவில் விட்டுவிடலாம் என்று தோன்றியது. கனவுகள் கூடின. தாளைத் தொடாமலே ஒரு அமர்வுக்குப் போனேன். மருத்துவர் திட்டவில்லை, அமர்வைத் தள்ளியும் போடவில்லை. அங்கேயே உட்கார்ந்து வாயால் சொல்லச் சொன்னார், அதே பாடத்தை மறுபடியும் கொடுத்தார். தவிர்ப்பதுதான் இந்த நோயை உயிரோடு வைத்திருக்கிறதாம். எரிச்சலாக இருந்தது, ஆனால் உண்மை.

அந்த வாரங்களில்தான் புள்ளிவிவரங்களை நானே தேடிப் படித்தேன். யுனிசெஃப் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இன்று உயிரோடிருக்கும் பெண்களிலும் சிறுமிகளிலும் 37 கோடிக்கும் மேற்பட்டோர் 18 வயதுக்கு முன்பே வன்புணர்வுக்கோ பாலியல் தாக்குதலுக்கோ ஆளானவர்கள். ஆண்களிலும் சிறுவர்களிலும் 24 முதல் 31 கோடி. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை, கணவரோ துணைவரோ அல்லாத ஒருவரின் பாலியல் வன்முறையை 15 வயதுக்குப் பிறகு சந்தித்த பெண்கள் 6 சதவீதம் என்கிறது. அவமானத்துக்கு அஞ்சிச் சொல்லாதவர்கள் இருப்பதால் உண்மையான அளவு கூடுதலாகவே இருக்கும் என்றும் சொல்கிறது. நானும் அந்தச் சொல்லாதவர்களில் ஒருத்தி. என் வாதத்தை இந்த எண்களோடு வைத்துப் பார்த்தேன். 37 கோடிச் சேலைகளும் தாமாகப் போய் முள்ளில் விழுந்தனவா? ஐந்து வயதுச் சிறுவன் எங்கே பார்த்து நடக்கத் தவறினான்? வாதம் நிற்கவில்லை.

கடைசி அமர்வுகள் பாதுகாப்பு, நம்பிக்கை, கட்டுப்பாடு, சுயமதிப்பு, நெருக்கம் என்று ஒவ்வொன்றாகப் போகும். சுயமதிப்பு எனக்குச் சுலபமாக இருந்தது, நம்பிக்கை இன்னும் பாதியில் நிற்கிறது. முடிவில் அதே கேள்விக்குப் புதிதாக ஒரு பக்கம் எழுத வேண்டும். இந்த முறை ‘அவன் செய்ததால் நடந்தது’ என்று தொடங்கினேன். கனவுகள் முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆனால் மறுநாள் வேலைக்குப் போக முடிகிறது.

யாருக்காவது உதவும் என்பதால் இன்னும் சில. சம்பவம் சமீபத்தில் நடந்திருந்தால் சிகிச்சையைப் பற்றி யோசிப்பதற்கு முன் மருத்துவமனை. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அவசரக் கருத்தடைக்கு அதிகபட்சம் ஐந்து நாள். சிகிச்சைக்குப் போகும்போது, சிகிச்சை தருபவர் சிபிடியில் பயிற்சி பெற்றவரா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். நான் முதலில் பார்த்தவர் “மறந்துடுங்கம்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீடியோ அழைப்பிலும் நடத்துகிறார்கள். அதற்கு, தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஓர் அறை வேண்டும்.