மிளகளவு கட்டி

வலது கன்னத்தின் உட்புறம், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் இடத்தில், மிளகளவு ஒரு கட்டி. வலி இல்லை. ஆனால் நாக்கு நாள் முழுக்க அங்கேயே போய் நின்றது. இரண்டு மாதத்தில் பட்டாணி அளவுக்கு வந்துவிட்டது.

யாங்கோனில் வளர்ந்தவனுக்கு வாயில் கட்டி என்றாலே குன்யா என்கிற வெற்றிலைப் பாக்குதான் நினைவுக்கு வரும். தெருவுக்குத் தெரு வெற்றிலைக் கடை உள்ள ஊர். நானும் பதினைந்து வருடம் புகையிலை வைத்துப் போட்டவன். விட்டு நான்கு வருடம் ஆகிறது. பெரியப்பா வாய்ப்புற்றில் போனவர். மூன்று வாரம் மனைவியிடம்கூடச் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தேன்.

முதலில் போன கிளினிக்கில் விளக்குப் பிடித்துக்கூடப் பார்க்காமல் களிம்பு தந்தார்கள். பத்து நாள் வீணாயிற்று. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்புறம் போனது ஒரு பல் மருத்துவரிடம். அந்தச் சயாமா (பர்மியப் பேச்சில் டாக்டரம்மா) கட்டியை இரண்டு விரலால் பிடித்து அழுத்திப் பார்த்தார். "ரத்தம் வருமா? சிறுத்துப் பெருக்குமா? அடிக்கடி கடிபடுமா?" என்று கேட்டார். கண்ணாடியில் காட்டினார்: கடைவாய்ப்பல்லின் உடைந்த விளிம்பு சரியாகக் கட்டியின்மேல் உரசியது. ஓயாமல் உரசும் இடத்தில் சதை தடித்து வளருமாம். பெயர் ஃபைப்ரோமா, புற்று அல்ல. கீழுதட்டைக் கடித்து எச்சில் குழாய் அறுந்தால் வரும் நீலம் பூத்த கொப்புளம் வேறு. அது உடைந்து உடைந்து மறுபடி நிரம்பும்.

குன்யா போட்டவன் என்பதால் கண்ணால் பார்த்ததை மட்டும் நம்ப அவர் தயாராக இல்லை. வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு இருக்கிறதா என்று நாக்கடி வரை தேடினார். வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க, மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் வைக்கச் சொன்னார். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே கன்னத்தை உள்ளுக்குள் இறுக்கிவிடும் என்றார். எனக்கு மூன்று விரலும் நுழைந்தது.

மரத்துப்போக ஊசி, அதுதான் வலித்தது. இருபது நிமிடத்தில் வெட்டி எடுத்து, இரண்டு தையல் போட்டு, துண்டை ஃபார்மலின் குப்பியில் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டு நாள் ஆறின கஞ்சி, பிறகு உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பு. எட்டாம் நாள் முடிவு வந்தது: ஃபைப்ரோமாவேதான். அன்றே பல்லின் கூர்முனையையும் ராவிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டு விரலை வைக்கச் சொன்னேன். அவன் இன்னும் குன்யா போடுகிறவன். இரண்டு விரல்தான் நுழைந்தது. மறுநாள் காலையிலேயே சயாமாவிடம் கூட்டிப்போனேன்.